தோரிக்கு வெளியே

தொகுஜியின் படகு கவிழ்ந்து நாற்பது நாளாயிற்று. மிஹோ துறைமுகமே அவனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று கைகழுவிவிட்டது. அவன் மனைவி ஹிசனோ மட்டும் ஒப்பவில்லை. தினமும் விடிந்ததும், காயப்போட வேண்டிய கணவாய் மீனை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள்.

சாவு விழுந்த வீட்டார் ஐம்பது நாள் கோயில் முகப்பில் நிற்கும் தோரி வளைவைத் தாண்டக் கூடாது. தீட்டு. இது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஹிசனோ தாண்டினாள். அவள் தாண்டிக்கொண்டிருக்கும்வரை தொகுஜி உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். ஊர் முணுமுணுத்தது. பூசாரி தடுக்கவில்லை. அந்த மனுஷனுக்காவது ஈரநெஞ்சு இருந்ததே!

உள்ளே இரண்டு சன்னிதிகள். ஒன்று மீனவர்களின் எபிசு சாமிக்கு, மற்றது நெற்கதிர் தந்த மிஹோத்சு அம்மனுக்கு. அங்கே சாமி கும்பிடும் முறைப்படி இரண்டு முறை பளீரென்று கைதட்டிவிட்டு, எபிசுவிடம் சண்டைக்கு நிற்பாள் ஹிசனோ. வேளைகெட்டுக் கூவிய சேவலால் இந்தச் சாமி ஒருகாலத்தில் படாதபாடு பட்டாராம். அதனால் இந்த ஊருக்குக் கோழியும் ஆகாது, முட்டையும் ஆகாது.

"அக்கரைக்குப் போனப்ப ஒரே ஒரு முட்டை தின்னுட்டாரு. அதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா? வேணும்னா என்னை அடி சாமி, அவரை விட்டுடு." பிறகு அம்மன் பக்கம் திரும்புவாள். "நீயாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா தாயீ?"

அன்று மாலை கொழுந்தன் யசுவோ வந்தான். 'கணவாயெல்லாம் நாறுது, சாமியா வந்து காயப்போடும்?' என்று கிண்டலடித்துக்கொண்டே நுழைகிறவன், அன்று வாசலிலேயே நின்றான். கையில் நனைந்த மழைச்சட்டை.

"வலையில சிக்குச்சு, அண்ணி."

தோள்பட்டையில் நீல நூலில் ஒட்டுப் போட்டிருந்தது. அவள் போட்டதுதான்.

"கறுப்பு நூல்ல தைக்கச் சொல்லிக் கத்துனாரு உங்க அண்ணன். தீந்துபோச்சுன்னு நான்தான்..." ஒட்டை விரலால் தடவினாள். "சட்டை மட்டும்தானே தம்பி?"

யசுவோ தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல அண்ணி."

மறுநாள் காலையும் அவள் நடந்தாள். தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. தோரியின் கீழே பழக்கத்தில் கால் முன்னே போயிற்று, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வெளியிலிருந்தே இரண்டு சாமிகளையும் குனிந்து வணங்கினாள். பிறகு தொகுஜியைக் கிடத்தியிருந்த தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

செத்தவருக்குக் கைதட்டும்போது ஓசை எழக் கூடாது. உள்ளங்கைகள் சேரும் முன்பே நின்றுவிட வேண்டும். முதல் தடவை ஹிசனோ சரியாகத்தான் செய்தாள். இரண்டாவது தடவை கைகள் மோதிக்கொண்டன.

தெருக்கோடிவரை கேட்டது. ஒருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.