சொல்லாமல் அடித்த மருந்து

உடுவிலில் என் பூசணித் தோட்டத்துக்கு இரண்டு வேலி தள்ளிச் செல்வி அக்கா தேனீ வளர்த்தார். பூச்சிமருந்தடிக்க முன் சொன்னால் பெட்டிகளை மூடிவைப்பேன் என்று சொல்லியிருந்தார். அன்று காலை, அலுப்பில், சொல்லாமலே அடித்துவிட்டேன். மத்தியானம் அவருடைய தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. நான் வாய் திறக்கவில்லை.

பிறகு என் பூக்களும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தன. ஒருநாள் அக்கா வட்டுக்கோட்டையிலுள்ள தன் தங்கச்சி வீட்டிலிருந்து புதுத் தேனீப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து, நேரே என் வேலியடியில் இறங்கினார்.

"தம்பி, உங்கடை பூவுக்குத் தேனீ இல்லை. இதை இஞ்சை வைக்கட்டே?"

"அக்கா, அண்டைக்கு மருந்தடிச்சது நான்தான்."

"ஓம், தெரியும். இனிச் சொல்லிப்போட்டு அடியுங்கோ."

காய் பிடித்தது. ஆனாலும் அவர் அன்று ஏசியிருந்தால் மனப்பாரம் அன்றோடு இறங்கியிருக்கும். இன்னும் சுமக்கிறேன்.