கூட்டரசுச் சாலைக்கு அடியில் ஒரு சோபா

1

ஒரு சிவப்பு சோபா எங்கள் அலுவலகத்தை ஏழு வாரம் ஆட்டிவைத்தது.

அப்போது நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கி பக்கம் ஒரு சின்ன ஊரில், மாநில அரசின் வடிகால் பிரிவில் டெக்னிஷியன். லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாலையோரச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மக்கள் முதலில் திட்டுவது என்னைத்தான்.

பெருமழைக்கு மறுநாள் பரமேஸ்வரி டீச்சர் போன் செய்தார். தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியில் பாலர் பள்ளி நடத்துபவர்.

"அண்ணே, பள்ளிக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. பதினெட்டுப் பிள்ளைங்கள மேசை மேல ஏத்தி உக்கார வச்சேன். லோங்காங்ல என்னமோ அடைச்சிருக்கு. வந்து பாருங்க லா."

போய்ப் பார்த்தேன். லோங்காங் தண்ணீர் பெரிய சாலைக்கு அடியில் கடந்துபோகும் கல்வர்ட்டுக்குள் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று செருகி நின்றது. கையெட்டும் தூரம்தான். ஆனால் தொடக்கூடாது. லோங்காங் மாநிலத்துடையது. சாலையும் அதற்கு அடியிலிருக்கும் கல்வர்ட்டும் கூட்டரசுடையவை, அதாவது மத்திய அரசுடையவை.

மேலதிகாரி என்சிக் ஹாஷிமிடம் சொன்னேன். மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். அவருக்குப் பிடித்த விஷயம் இது.

"பாத்தியா மணியம்? நம்ம ஊரு, நம்ம மழை. ஒரு சோபாவ இழுக்க மேல கேக்கணும்! ஜொகூர் விஷயத்த ஜொகூரே பாத்துக்க விடணும்!" மலாயில் பொரிந்து தள்ளினார். மூச்சு வாங்கியபின், "சரி, கடிதம் எழுது" என்றார்.

2

எழுதினேன். புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசு அலுவலகத்தில் படம் கேட்டார்கள். அனுப்பினேன். சோபாவின் நீள அகலம் கேட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி டேப் பிடித்தேன். அடுத்து, சோபாவின் உரிமையாளர் யார் என்று கேட்டார்கள்.

இதில் விடுமுறைச் சிக்கல் வேறு. அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. புத்ராஜெயாவில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை அவர்கள் கூப்பிட்டால் நான் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

அங்கே எங்கள் ஃபைலைக் கையில் வைத்திருந்தது புவனா என்ற கிளார்க். நல்ல பெண்.

"நான் என்னண்ணே செய்ய? பாஸ் கோர்ஸுக்குப் போயிட்டாரு. அடுத்த வாரம் மீட்டிங் இருக்கு."

"அடுத்த வாரம் மழையும் இருக்கும்மா. அந்தப் பள்ளியில பிள்ளைங்களும் இருப்பாங்க."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, கல்வர்ட்டுக்குள்ள இருக்கற வரைக்கும்தான் அது எங்க சோபா. வெளிய வந்துட்டா உங்க சோபா. நான் ஒண்ணும் சொல்லல, ஆ?"

3

என்சிக் ஹாஷிமிடம் இதைச் சொன்னபோது துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"அனுமதி இல்லாமலா? இன்னொரு கடிதம் போட்டுப் பாக்கலாமே?"

ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டினேன். கருகருவென்று இருந்தது. எட்டிப் பார்த்தார்.

"லாரி நம்ம பக்கம்தானே நிக்கும்?"

"நம்ம பக்கம்தான் சார்."

கால் மாநிலத்திலும் தலை கூட்டரசிலுமாக நான் கல்வர்ட்டுக்குள் படுத்துக் கயிறு கட்டினேன். லாரி இழுத்தது. சோபா திமிறிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் ஏழு வாரத்துச் சேறும் வந்தது. கரையில் ஆபீஸ் ஷூவோடு நின்ற என்சிக் ஹாஷிம், "அலமாக்!" என்று கத்தியபடி தலை முதல் கால் வரை நனைந்தார். தாமான் மக்கள் கைதட்டினார்கள். சாயங்காலம் கொட்டிய மழையில் பாலர் பள்ளிக்குள் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

'சோபா தானாக வெளியேறியது' என்று ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் இருவர் கையெழுத்தும் அதில் உண்டு.

4

நன்றி சொல்ல டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் கொண்டுவந்தார். என்சிக் ஹாஷிம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாநிலங்களுக்கு ஏன் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலாயில் சொன்னார்:

"நியாயம்தான் என்சிக். எங்க பள்ளி வாசல்ல பிள்ளைங்க கடக்க லோங்காங்குக்கு மேல ஒரு சிமெண்டு சிலாப் போடச் சொல்லிக் கடிதம் குடுத்து எட்டு மாசம் ஆச்சு. பெத்தவங்களே போட்டுக்கறோம்னு கேட்டோம். மாநில லோங்காங், தொடக்கூடாதுன்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க. எங்க தாமானுக்கும் கொஞ்சம் அதிகாரம் குடுங்களேன்."

கறிபாப்பை மெல்லாமல் என்சிக் ஹாஷிம் என்னைப் பார்த்தார். நான் என் மேசை ட்ரேயில் தேடினேன். கடிதம் அடியில் கிடந்தது. அதன் மூலையில் என் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: 'படம் தேவை'.

அலுவலகத்திலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்தால் ஆறு நிமிடம்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. இன்னொரு கறிபாப் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

சிலாப்பை அந்த வாரமே போட்டோம். அதன்பிறகு ஓய்வு பெறும் வரை, நடந்து போய்ப் பார்க்கக்கூடிய எதற்கும் நான் யாரிடமும் படம் கேட்டதில்லை.