திங்கட்கிழமைப் பூச்சியம்

எங்கள் கந்தோர் மன்னார் நகரத்தில் ஒரு கடையின் மேல்மாடி. மீனும் நண்டும் வாங்கும் கொம்பனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். முதலில் அதை எழுதியவன் நான். இணையத்தில் பார்த்துப் பார்த்துப் படித்த படிப்பு. தொழில்நுட்பப் பொறுப்புக்கு எடுத்த இரண்டு பேரும் ஆறு மாதம் தாங்காமல் கொழும்புக்குப் போய்விட்டார்கள். எங்கள் பெரிய வாடிக்கையாளரான நண்டு முதலாளி, "இந்த மாதத்துக்குள்ள பொறுப்பான ஆளைப் போடுங்கோ, இல்லாட்டி நான் வேற இடம் பாப்பன்" என்றுவிட்டார். அவர் போனால் கந்தோரைப் பூட்டவேண்டியதுதான்.

நேர்முகத்துக்கு வந்தவர் பக்கத்து ஊரான அடம்பனைச் சேர்ந்த பெண். கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்திருக்க விரும்பினார். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைத் தொடங்குமுன்பே நிரலையும் பதிவுகளையும் பார்க்கக் கேட்டார். கால்மணி நேரம் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"அண்ணா, ஒவ்வொரு திங்களும் விடியக் காலமை உங்கட பேரில ஒரு பூச்சியம் விழுந்திருக்கே. அது என்ன?"

முந்தைய நாள் வாங்கிய எடையைப் பதியாவிட்டால் அடுத்த நாள் மென்பொருள் திறக்காதபடி எழுதியவன் நான்தான். ஞாயிறு பூசை நாள், எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். ஊருக்கே தெரிந்ததை யார் கணினிக்குச் சொல்வது? விடிய எழும்பிக் கையால் பூச்சியம் போட்டுவந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

தொலைபேசி எடுக்கும் அக்கா சிரித்துவிட்டார். "திங்கள்ல தம்பின்ர கண் சிவந்திருக்கிறது ஞாயிறு விருந்தால எண்டெல்லோ நினைச்சனான்!"

"வெள்ளியில கடலுக்குப் போகாத முஸ்லிம் ஊருகளும் சேர்ந்தால், சனியும் எழும்புவீங்களோ?" என்றார் வந்தவர்.

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் எண்டானாம். இதில கூடம் கட்டினதும் நான்தான்" என்றேன்.

"முந்தி இருந்தவை ஏன் போனவை?"

மன்னார் வெயிலில் பழியைப் போட வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "இவர் ஒண்டையும் தொட விட்டால்தானே இருப்பினம்!"

"நான் வாறன் அண்ணா. ஆனா நான் மாத்தினதை நீங்கள் பின்னால வந்து மாத்தக்கூடாது."

பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொடுப்பவன் மாதிரி இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

அங்கேயே நண்டு முதலாளிக்கு எடுத்து, வந்தவரிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். "பிள்ளை, நீங்களாவது நிப்பீங்களோ?" என்று முதலாளி கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"அதைப் பிறகு பாப்பம் ஐயா. உங்களுக்கு நண்டு தாற ஊருகளில எந்தெந்த நாள் தொழிலுக்குப் போகமாட்டினம்? ஒவ்வொரு ஊராச் சொல்லுங்கோ."

இதுவரை அவரிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. வங்காலை ஊரில் தொடங்கினார் மனுசன், திருவிழா, செத்த வீடு ஒன்றும் விடாமல். அந்தப் பிள்ளை எழுதக் கொப்பி தேடியது. நான் என் கேள்வித்தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை நீட்டினேன்.