குடைக்கம்பியில் வந்த குரல்

பழுதான ரேடியோவைக் கையில் கொடுத்தால் கமர் நிஷா முதலில் அதை முகர்ந்துதான் பார்ப்பார். மீன் வாங்குகிறவர்போலக் கண்ணை இடுக்கி, பெட்டியின் பின்புறத் துளைகளில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. "கருகல. ஒயருதான் எங்கனயோ விட்டிருக்கு. பைய பாப்போம்" என்பார். கருகல் வாசனை வந்தால் முகம் வாடிவிடும். இழவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்போலப் பெட்டியைத் தடவிக்கொடுப்பார்.

பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ துபாயிலோ இருக்கிறார். அவர்கள் கொண்டுவரும் ரேடியோக்களுக்கெல்லாம் கமர் நிஷாதான் வைத்தியர். வாப்பா ரேடியோ கடை வைத்திருந்தவர். மகளுக்குத் தொழில் அங்கே பழகியது. இப்போது அடுப்படி ஜன்னலோரம்தான் பட்டறை. ஒரு கையில் ஈயம் பற்றவைக்கும் கம்பி, மறு கையில் குழம்புக் கரண்டி. இரண்டும் மாறிப்போனதே கிடையாது என்று சாதிப்பார். அவர் மகள் வேறு கதை சொல்கிறாள். அடம்பிடிக்கும் பெட்டியை அதட்டுவார்: "ஏலே, பேசுதியா இல்லியா?" பெரும்பாலும் பேசிவிடும்.

போன மாதம் ஜுபைதா பீவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். தொடைவரை மாவுக்கட்டு, கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவள் கணவர் அகமது மீரான் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் செய்வார். தெருவில் போன் இருப்பது நாலு வீடு தள்ளி ஷஃபீகாவிடம் மட்டும். ஜுபைதா அங்கே போய்த்தான் பேசுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஷஃபீகாவே பேசினாள்; அகமது மீரான் அவளுக்குக் காக்கா, அண்ணன் முறை. "காலுதான் காக்கா, வேற ஒண்ணுமில்ல." அவர் நம்பவில்லை. மறு வாரம் குரல் உடைந்துவிட்டது. "அவ இருக்காளா இல்லியா? எதையோ மறைக்கிய. அடுத்த வெள்ளிக்கெழம அவ கொரலக் கேக்கலன்னா வேலைய விட்டுட்டு வந்திருவேன்." பாதியில் கிளம்பினால் அந்த வேலைக்குத் திரும்ப முடியாது. செய்தி கேட்டு ஜுபைதா படுத்த இடத்திலேயே அழுதாள்.

கம்பியில்லாத போன் ஒன்று வாங்கலாமே என்றேன் நான்.

"அந்தத் துட்டுக்கு ஜுபைதாவுக்குப் புதுக் காலே வாங்கிரலாம் டீச்சர்" என்றார் கமர் நிஷா. பிறகு தன் மடியிலிருந்த பெட்டியைத் தட்டினார். "இதுல எப்.எம்.னு ஒரு பட்டன் சும்மா கெடக்கு. நம்ம ஊர்ல அதுல ஒருத்தரும் பேசல. நாம பேசுவோம்."

உயிர்போன டேப் ரெக்கார்டரிலிருந்து மைக், பழைய ரேடியோவிலிருந்து டிரான்சிஸ்டர், பேனாவில் சுற்றி எடுத்த செப்புக்கம்பிச் சுருள், ஏரியலுக்கு ஒடிந்த குடையின் கம்பி. எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கியது. அப்படி இரண்டு, ரேடியோ முள்ளில் ஆளுக்கோர் இடம். ஒன்றைப் போனின் காதுப்பக்கம் பிடித்தால் அகமது மீரானின் குரல் ஜுபைதாவின் கட்டிலருகே ரேடியோவில் கேட்கும். மற்றது ஜுபைதாவின் கையில். அவள் பேசுவது ஷஃபீகா வீட்டு ரேடியோவில் வரும். அதைப் போனின் வாய்ப்பக்கம் பிடித்தால் தம்மாமுக்குப் போய்ச் சேரும்.

வியாழக்கிழமை ஒத்திகையில் இரண்டு பெட்டிகளும் ஊளையிட்டன. தெருவில் நின்ற ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. கமர் நிஷா டப்பாவை முகர்ந்தார், யோசித்தார், சிரித்தார். "இவ ரேடியோ சத்தம் இவ மைக்குக்குள்ளயே போயி சுத்துது. காதுல மாட்டிக் கேக்கட்டும்." மகளின் இயர்போனைப் பிடுங்கி ஜுபைதாவுக்கு மாட்டினார். ஊளை நின்றது.

வெள்ளிக்கிழமை ஷஃபீகா வீட்டில் போன் மணி அடித்ததும் கமர் நிஷா ஒரு கையால் ரிசீவரையும் சோப்பு டப்பாவையும் சேர்த்துப் பிடித்தார். மறு கையில் ரேடியோ.

"யாரு?" என்றது தம்மாம்.

ரேடியோவிலிருந்து ஜுபைதா சொன்னாள்: "நாந்தான்."

 போனில் பெரிய விசும்பல். "ஏளா... வலிக்குதாளா?"

உடனே தெரு முழுக்க ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. கூடவே, "மாஷா அல்லாஹ்!"

கமர் நிஷாவின் கண்கள் விரிந்தன. அந்தப் பட்டன் தெருவில் எல்லாப் பெட்டியிலும் உண்டே! "ஓடுங்க டீச்சர்! எல்லாரையும் அணைக்கச் சொல்லுங்க!"

ஓடினேன். ஒரு வீட்டில் புருஷன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அடுத்த வீட்டில் பெண்டாட்டி குரல் மட்டும். இரண்டுக்கும் நடுவே ஷஃபீகா தூது போய்க்கொண்டிருந்தாள். "அவுக 'வலிக்குதா'ன்னு கேக்காக! இவ என்ன சொல்லுதா?" வீடு வீடாக அதட்டி, பெட்டிகளை அணைக்கவைத்துத் திரும்பினேன்.

வேலையை விடமாட்டேன் என்று அகமது மீரான் அதற்குள் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அவர் ஏதோ மெதுவாகச் சொல்ல, ரேடியோவில் ஜுபைதா வெட்கத்துடன் சிரித்தாள். "சீ, யாராவது கேக்கப்போறாக" என்றவள், குரலை இன்னும் தாழ்த்திப் பதில் சொல்லத் தொடங்கினாள்.

கமர் நிஷாவின் இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. காதைப் பொத்த வழியில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டார்.