டிவிப் பிள்ளையின் பன்னிரண்டு படங்கள்

டிவியைச் சுவரில் மாட்டுவது அரை மணித்தியால வேலை. மாட்டிய டிவியில் எதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கிற வேலைக்குத்தான் முடிவே கிடையாது. திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு டிவிக் கடையில் ஏழு வருசமாக நான் இரண்டையும் செய்கிறேன். ஏணியும் ட்ரில் மெஷினும் என்னுடைய பொறுப்பு, ஓட்டோ என்னோடு வேலை செய்கிற நிசாமுடையது. ஊரில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "டிவிப் பிள்ளை" என்றால் தெரியும்.

நாலு பேர் ஒரு செற்றியில் நெருங்கி இருந்து, ரிமோட்டைக் கைமாற்றி, போஸ்டர் போஸ்டராகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றையும் பார்க்காமல் சாப்பிட எழும்பிப்போன அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் நீங்கள் என்னுடைய ஆட்கள். மாட்டி முடித்ததும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "பிள்ளை, நல்ல படமா ஒண்டு போட்டு விடுங்கோவன்." எனக்கோ பல நாட்டில் பரிசு வாங்கிய படங்கள் என்றால் உயிர். என் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்கியது.

காற்று

முதன்முதலில் மாட்டுப்பட்டவர் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா. படித்த மனிசர், அலுமாரி நிறையப் புத்தகம். இவருக்குச் சரியாய் இருக்கும் என்று, மூன்று நாட்டில் பரிசு வாங்கிய ஒரு படத்தைப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வெட்டவெளி, ஒரு வீடு, ஒரு மனிதன் கூரை வேய்கிறான். முதல் நாற்பது நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை. நான் அந்தப் படத்தை இரண்டு தரம் பார்த்து இரண்டு தரமும் அழுதவள்.

அடுத்த நாள் காலமை கடை திறக்க முதலே ஐயா வாசலில் நிற்கிறார். டிவியில் சத்தம் வரவில்லையாம், மாற்றித் தரட்டாம். முதலாளி என்னை முறைத்தார். நானும் நிசாமும் திரும்பப் போனோம். ரிமோட்டை எடுத்து வொலியூமை உச்சத்துக்குக் கூட்டினேன். ஊவென்று காற்று இரைந்தது. "பாருங்கோ ஐயா, சத்தம் வருகுது. படம் அப்பிடித்தான்" என்றேன். ஐயா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு யன்னலைக் காட்டிச் சொன்னார்: "காத்துச் சத்தம் கேக்கிறதுக்குத்தானே பிள்ளை வெளியில இவ்வளவு பெரிய கடல் கிடக்கு."

எழுத்தா, முகமா?

"இனி விருதுப் படம் எண்டு ஒண்டும் போடக் கூடாது" என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் ஓம் என்றேன். ஓம் என்று சொன்னேனே தவிர நிறுத்தவில்லை. விருது என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். போடுவதற்கு முதல் மூன்று கேள்வி கேட்கத் தொடங்கினேன்: ஆரார் பாக்கிறீங்கள்? எத்தனை மணிக்குச் சாப்பாடு? கடைசியா எந்தப் படத்தில அழுதனீங்கள்?

கிண்ணியாவில் றஹீமா ராத்தா மூன்றாவது கேள்விக்கு, "படத்துக்கு ஆரும் அழுவாங்களா?" என்று சிரித்தார். சிறைச்சாலைக் குசினியில் சமைக்கிற ஒரு தாயைப் பற்றிய படத்தைப் போட்டேன். பாஷை எங்களுக்குத் தெரியாதது. கீழே தமிழ் எழுத்து ஓடும். "இவ்வளவு விரசா ஓடினா எனக்கு வாசிக்க ஏலா புள்ள" என்றார் ராத்தா. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதுவும் சரிவரவில்லை. இந்த வீடும் கைவிட்டுப்போச்சு என்று மனம் சோர்ந்து திரும்பினேன்.

ஒரு கிழமை கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே பெரிய வாக்குவாதம். படத்தில் அந்தத் தாயின் மகன் திரும்பி வருவான் என்று ராத்தாவின் கணவர் காசிம் நானா சாதிக்கிறார். எழுத்து முழுவதையும் வாசித்தவர் அவர். மகன் பொய் சொல்கிறான், வரமாட்டான், அது தாய்க்கும் தெரியும் என்கிறார் ராத்தா. கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். ராத்தா சொன்னதுதான் சரி. எழுத்தை அடியோடு நிற்பாட்டிவிட்டு அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்திருக்கிறார். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். "எழுத்தைப் பாத்தா மொகத்தைப் பாக்க ஏலா. மொகத்தைப் பாத்தா எழுத்தென்னத்துக்கு?"

கடல் இல்லாத படம்

சாம்பல்தீவில் தவம் அண்ணை நாலு மாதமாகத் தொழிலுக்குப் போகவில்லை. பத்து வருசமாக ஒரே போட்டில் கூடப் போன கூட்டாளி கடலில் தவறிப்போனதோடு அவர் போட்டைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டார். வீட்டில் பேச்சும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிசன் டிவியையாவது பார்க்கட்டும் என்று அவருடைய மனைவி புஷ்பா அக்கா வாங்கிய டிவி அது. மூன்று கேள்விக்கும் இடம் வைக்காமல் குசினி வாசலில் நின்று மெல்லச் சொன்னார்: "கடல் இல்லாத படமா எடுத்து விடு பிள்ளை." மலைநாட்டு பேக்கரி ஒன்றைப் பற்றிய படத்தோடு இன்னும் மூன்றைச் சேமித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா ஃபோனில் கோல் எடுத்தார். "என்ன வேலை பார்த்தனீ? சந்தைக்குப் போயிட்டு வாறன், மனுசன் கடல் படம் பாத்துக்கொண்டு இருக்கிறார்." எந்தப் படம் என்று எனக்கு உடனே பிடிபட்டது. குளிர் நாடொன்றின் மீட்புப் படகைப் பற்றிய படம். வேறொரு வீட்டுக்கு என்று யோசித்து வைத்ததை அவசரத்தில் இவர்களுடைய பட்டியலில் சேர்த்திருக்கிறேன். நிசாம் ஓட்டோவைப் பறக்கவிட்டான்.

தவம் அண்ணை படத்தை ஒரு இடத்தில் நிற்பாட்டி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி வந்தார். "இஞ்ச பார் பிள்ளை, இவன் செய்யிற வேலையை. காத்துக்கு முகம் குடுத்துப் போட்டை நிப்பாட்டிப்போட்டு முன்பக்கத்தால நங்கூரம் இறக்க வேணும். இவன் பின்பக்கத்தால இறக்கிறான். அலை ஏறிப் போட் தண்ணிக்குள்ள தாண்டு போயிடும்." ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொண்டே போனார். கயிறு எவ்வளவு விடுவது, அடியில் கல்லா மணலா என்று எப்படி அறிவது, கூட்டாளி எந்தப் பக்கம் நிற்பான். கூட்டாளியின் பெயரைச் சொன்ன இடத்தில் நின்றார். பிறகு அதையும் தாண்டிச் சொன்னார். புஷ்பா அக்கா மீன் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடிய அக்காவின் கோல் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. "மனுசன் தொழிலுக்குப் போயிட்டார் பிள்ளை. 'பரிசு வாங்கினவங்களுக்கே நங்கூரம் போடத் தெரியேல்லை, எனக்குத் தெரியும்' எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

முதலாளியின் இருபது நிமிடம்

இந்தக் கதை கடைக்கு வந்து சேர இரண்டு நாள் எடுத்தது. முதலாளி நம்பவில்லை. "சண்டைப் படம் இல்லாம மனிசன் இருபது நிமிசம் இருப்பானா? என்னை இருக்க வை பாப்பம். இருந்துட்டா ஒன்ட படப் பட்டியலைக் கடைக் கண்ணாடியிலயே ஒட்டுறன்" என்றார். வாடிக்கையாளர் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்.

முதலாளிக்கும் பக்கத்து ஹாட்வெயார் கடைச் செல்வராசா அண்ணைக்கும் ஆறு வருசமாகப் பேச்சில்லை. அண்ணையின் பெயர்ப்பலகை எங்கள் கடைப் பெயரில் பாதியை மறைக்கிறது, அதுதான் வழக்கு. நான் யோசித்துத்தான் எடுத்தேன்: மலைப்பாதையில் எதிரெதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் இருவர், நடுவில் ஆட்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஒரு வாங்கு, அது யாருடையது என்று இருபது வருசச் சண்டை. கடைக்குள் இருந்த ஆகப் பெரிய டிவியில் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் முதலாளியின் ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. இருபதாவது நிமிடத்தை நிசாம் கையைக் காட்டி அறிவித்தான். அவர் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னேரத் தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிப்போனது. படம் முடிந்ததும் எழும்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமாக வந்தார்கள். முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு, படத்தை முதலில் இருந்து போடச் சொன்னார். செல்வராசா அண்ணை கைகட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் தொண்டையைச் செருமினார். "அருமையான படம். வாங்கை ரெண்டு பேரும் சேந்து தூக்குற இடத்தில எனக்கும் ஒரு மாதிரித்தான் போச்சு. எண்டாலும் பலகையை நான் கழட்ட மாட்டன்." ஆனால் அடுத்த நாள் எங்களுக்குத் தேத்தண்ணி அவருடைய கடையில் இருந்துதான் வந்தது.

கிண்ணியா பஸ்

பட்டியல் கண்ணாடியில் ஏறியது. பன்னிரண்டு படம். விருதுப் பெயர் ஒன்றும் எழுதவில்லை. "மாமியாரோடு பார்க்கலாம்." "மீன் பொரித்துக்கொண்டு பார்க்க வேண்டாம், கருகும்." "முதல் கால் மணித்தியாலம் பொறுங்கோ, பிறகு என்னைத் தேடி வந்து நன்றி சொல்லுவீங்கள்." இப்படித்தான் எழுதினேன். ஆட்கள் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கந்தளாயில் இருந்துகூட ஒருவர் கோல் எடுத்து, பதின்மூன்றாவது எப்போது வரும் என்று கேட்டார்.

போன மாதம் ஓட்டோ பழுதாகி, கிண்ணியாவுக்கு பஸ்ஸில் போனேன். நிற்க இடமில்லை. முன் சீற்றில் இரண்டு பெண்கள் பட்டியலில் ஐந்தாவது படத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். என்னை அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தி சத்தமாக, "கடைசியில அந்த டொக்டர் என்ன செய்றா தெரியுமா?" என்று தொடங்கினாள். பின்னால் இருந்து ஒரு ஆண் குரல்: "சொல்லாதீங்க, நாங்க பாதிதான் பாத்த!" நடுவில் இருந்த ரீச்சர் ஒருவர், "எங்கட வீட்டில இண்டைக்குத்தான் பாக்கப் போறம்" என்றார். அவள் விடுகிறதாயில்லை. பாலத்தில் ஏறுகிற நேரம் பஸ்ஸில் பாதி காதைப் பொத்திக்கொண்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு பரிசும் வாங்காதவள், அன்றைக்கு மேடையில் நிற்கிற மாதிரி நின்றேன். கடைசியில் கொண்டக்டர் விசிலை ஊதி பஸ்ஸை நிற்பாட்டினார்: "படத்துட முடிவைச் சொல்ற ஆக்கள் இதில எறங்கி நடந்து வாங்க!"

ஆகவே செற்றியில் நெருங்கியிருந்து ரிமோட்டுக்குச் சண்டை பிடிக்கிற என் ஆட்களே, நல்ல படமொன்றைத் தேடிப் பிடிப்பது பெரிய கஷ்டமில்லை, அதைப் பார்த்து முடித்தவர்களின் வாயை மூடுவதுதான் ஏலாத காரியம்.