காருக்கு அடியில் கட்டிய கறுப்புக் கயிறு

போன வருடம் பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டியிலிருந்து புசல்லாவைக்குப் போகும் வழியில் நடந்தது இது.

நான் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். வெளிநாடு போன ஒரு குடும்பத்திடமிருந்து பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். அதன் பின்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். டிக்கியில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும். உடனே ஒரு சின்ன பம்ப் ஓடி, பைகளுக்குக் காற்றடித்து, காரைப் பழைய மட்டத்துக்குத் தூக்கிவிடும். பாரத்தை இறக்கினால் காற்றை வெளியே விட்டுத் தானாகவே பதியும். மட்டத்தை அளந்து சொல்ல ஒரு சென்சர். இதையெல்லாம் வகுப்பில் படம் கீறிக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். அந்தச் சென்சர் காரில் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கார் வாங்கிய அன்று கோயிலில், கண்ணூறு படாமல் இருக்க, ஒரு படிகாரக் கட்டியைத் துணியில் முடிந்து கறுப்புக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார்கள். கண்ணூறாவது மண்ணாங்கட்டியாவது என்று பிள்ளைகளிடம் வாய் கிழியப் பேசுகிற எனக்கு, அதை வீசவும் மனம் வரவில்லை, முன்னால் தொங்கவிடவும் வெட்கம். மனைவிக்கும் தெரியாமல், பின் சில்லின் டயருக்குப் பக்கத்தில் கையை விட்டு, கைக்குத் தட்டுப்பட்ட ஒரு மெல்லிய கம்பியில் கட்டிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் காருக்குப் பேய் பிடித்துவிட்டது. ஒரு நாள் பின்பக்கம் நிலத்தைத் தொடுகிற அளவுக்குப் பதிந்து கிடக்கும். இன்னொரு நாள் வாலைத் தூக்கிய பூனை மாதிரி நிற்கும். கட்டுகஸ்தோட்டையில் எனக்குத் தெரிந்த முஸ்லிம் மெக்கானிக் பாஸ் ஒருவரின் கராஜில் மூன்று தடவை விட்டேன். குழாயை மாற்றினார், பம்பைக் கழற்றிப் பூட்டினார். நான்கு நாள் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். மூன்றாம் தடவை, நேர்த்திக்கடன் ஏதும் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சேர், அடியில நேத்தி வெச்சி என்னமும் கட்டி ஈக்கீங்களா?” பக்கத்தில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் நின்றார். “நானா? நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் பாஸ்” என்று சிரித்தேன். அவர் மறுபடி பம்பைக் கழற்றப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு, மனைவியின் தங்கை வீட்டில் குடிபுகுதல். டிக்கியில் அரிசி மூட்டை, வாழைக்குலை, பெரிய பாத்திரங்கள். கம்பளை தாண்டி ஏற்றத்தில் போகும்போது பின்பக்கம் பதிந்து, டயர் உரசிப் புகை வந்தது. ரோட்டோரத்தில் ஒரு டயர் கடை. அதை நடத்துவது முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கடை முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டேன். சொல்லிவைத்தது போல் கார் மெல்ல மேலே எழும்பி, தேவைக்கு மேல் உயர்ந்து நின்றது.

நல்ல சமயம் என்று நினைத்தேன். காற்று எங்கே கசிகிறது என்று சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்கலாம். மனைவியை முன் சீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கடைக்காரப் பெண்ணிடம் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் வாங்கிக்கொண்டு படுத்தேன்.

“ஜக் போட்டுக் காரைத் தூக்காம உள்ள போவாதீங்க சேர்.”

“இது காற்றில நிக்கிற கார். ஜக் போட்டால் கசிவு தெரியாது” என்று அவருக்கும் பாடம் எடுத்தேன்.

அவர் கடைக்குள் போனார். ஒரு பழைய லொறி ரிம்மை உருட்டி வந்து, காருக்கு அடியில் என் இடுப்புக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டு, அதன்மேல் ஒரு மரக்கட்டையையும் வைத்தார். இது எதற்கு இடைஞ்சலாக என்று முணுமுணுத்தேன்.

“கெடக்கட்டும் சேர். சும்மாதானே கெடக்கப் போவுது.”

உள்ளே நகர்ந்தேன். குழாய்களில் பூசினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்போதுதான் என் கயிறு கண்ணில் பட்டது. மழையில் ஊறி, சேற்று முடிச்சோடு அந்தக் கம்பியைச் சுற்றி இறுகிக் கிடந்தது. காரின் கோளாறு எனக்கு மறந்தே போனது. இவர்கள் பார்க்குமுன் இதை ஒளித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. பிடித்து ஒரு இழுவை இழுத்தேன். கயிறு கையோடு வந்தது. கம்பியும் வளைந்து கீழே வந்து சிக்கி நின்றது.

பத்துப் பதினைந்து விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலைக்குமேல் ‘உஸ்’ என்றொரு சத்தம். அந்தக் கம்பிதான் சென்சரின் கை என்பது அந்த நொடியில் விளங்கியது. கார் மிக உயரத்தில் நிற்கிறது என்று அதற்குப் பொய் சொல்லிவிட்டேன். அது கீழ்ப்படிந்து காற்றைத் திறந்துவிட்டது. நகர முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. மேலே இருந்த இரும்பு முழுவதும் முகத்தை நோக்கி இறங்கியது. ‘டொக்’ என்று கட்டையில் இடித்து நின்றது. சூடான புகைக்குழாய் சட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூச்சை முழுவதாக இழுத்தால் நெஞ்சு அதில் முட்டும். வகுப்புப் பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

“அக்கா, எஞ்சின நிப்பாட்டிட்டு எறங்குங்க. மெதுவா” என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல். ஜக்கை வைத்துத் தூக்கி, காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்துப் போட்டார்.

மனைவி என் கையையே பார்த்தாள். “இது என்னங்க?” கயிறு இன்னும் என் கைக்குள் இருந்தது. ஒளித்துக் கட்டிய கதையைச் சொன்னேன்.

பிறகு பாஸுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். “அந்தக் கயிறா சேர்? மொத நாளே நான் கண்ட. நீங்க இல்லண்டு சொன்ன நேரம், வீட்டுல யாரோ நேத்திக்குக் கட்டினண்டு நான் நெனச்ச. மத்த ஆக்கள்ட சாமி சாமான்ல நாங்க எப்படிக் கை வெக்கிற?” என்றார். குழாயை மாற்றும்போதெல்லாம் கயிற்றை மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறார். அதனால்தான் நான்கு நாள் ஓடியிருக்கிறது; பிறகு முடிச்சு நழுவி, மறுபடி சென்சரின் கம்பியை இழுத்திருக்கிறது.

புறப்படும்போது, கம்பியை நேராக்கித் தந்த அந்தப் பெண்ணிடம், ரிம்மை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். “படிச்சவங்க, சொன்னா கேக்கமாட்டீங்க. அதான் பேசாம வச்சேன்” என்றார்.

படிகார முடிச்சைக் கழுவி, முன் கண்ணாடியில் தொங்கவிட்டது என் மனைவிதான். “கட்டுறதா இருந்தா நாலு பேருக்குத் தெரியக் கட்டுங்க” என்றாள். இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது. பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாஸ் கேட்டபோது “ஓம், நான்தான் கட்டினேன்” என்று சொல்ல வெட்கப்பட்ட இடத்துக்கு வரும்போது மட்டும், அந்தப் புகைக்குழாயின் சூடு இன்னும் நெஞ்சில் தெரிகிறது.