எதிர்வீட்டு மாடியில் காய்ந்த பெருநாள் பரிசு

மூன்று வருடங்களுக்கு முன்பு கீழக்கரையில் நடந்தது இது. என் கணவருக்கு இங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்ததால், முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருக்கிறோம். தெருவில் எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் துபாயிலோ கத்தாரிலோ இருப்பார்.

எதிர்வீட்டு அம்மாவை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அக்காவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் குடிவந்த பிறகு வந்த முதல் பெருநாளுக்கே அவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய அடுக்கில் பிரியாணி வந்தது. கூடவே வெளிநாட்டுச் சாக்லேட் டப்பா, வாசனை சோப்பு, என் மகளுக்கு ஒரு கவுன். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கவலை இன்னொரு பக்கம். இதற்குத் திருப்பி நாம் என்னத்தைக் கொடுப்பது? நான் கொஞ்சம் ரோஷக்காரி. ஓசியில் வாங்கித் தின்கிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அடுத்து வந்த தீபாவளிக்கு, வீட்டில் சுட்ட முறுக்கைக் கொடுத்தால் மட்டமாக நினைப்பார்களோ என்று, ஜரிகைத் தாள் சுற்றிய ஸ்வீட் பெட்டிகளாகக் கடையில் வாங்கித் தெருவிலிருந்த ஆறு வீட்டுக்கும் கொடுத்தேன். பெட்டியின் மினுமினுப்பைத்தான் பார்த்தேனே தவிர, உள்ளே இருந்ததில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் காலை வாசல் தெளிக்கப் போனால், லாத்தா வீட்டு ஆடு நான் கொடுத்த லட்டைத் தின்றுகொண்டிருக்கிறது! அதுவும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆட்டுக்கே பிடிக்கவில்லையே என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், தப்பு யார் பக்கம் என்று அன்றைக்கே விளங்கியிருக்கும். எனக்கு யோசனை எங்கே வந்தது, கோபம்தான் வந்தது. அன்றோடு லாத்தாவிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஐந்து மாதம் அப்படியே போயிற்று. அவர் சிரித்தால் நான் துணி காயப்போடுவது போலத் திரும்பிக்கொள்வேன். பங்குனி வெயிலில் நோன்பு மாதம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் எங்கள் மதில் மேல் டொக்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி. லாத்தா வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். பேசாத வீட்டுக்குக் கஞ்சி கொடுக்கிற மனுஷியை என்ன செய்வது? என் மகள் வழித்து வழித்துக் குடித்தாள். தூக்கை வெறுமனே திருப்பக் கூடாதே என்று தினம் ஒரு கை சீனி போட்டு மதிலில் வைப்பேன். என் வீட்டுச் சீனி டப்பாதான் காலியானது, மனசிலிருந்த பாரம் குறையவில்லை.

அப்போதுதான் தீர்மானித்தேன். பெருநாளைக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு நான் ஒன்று கொடுத்தாக வேண்டும். எந்தக் கப்பலிலும் விமானத்திலும் வராததாக அது இருக்க வேண்டும். ஊரில் என்னைப் பெற்ற அய்யாவின் காட்டில் குண்டு மிளகாய் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாயை விடப் பொருத்தம் எது? பஸ் ஏறிப் போய் ஒரு பை நிறையப் பச்சை மிளகாய் பறித்துக்கொண்டு வந்தேன். செலவு தயிருக்கும் உப்புக்கும் மட்டும்தான். பாட்டில்கள் வீட்டில் சேர்ந்துகிடந்த காலி காப்பிப்பொடி பாட்டில்கள்.

என் கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் மிளகாயை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அதைப் போய்ப் பெருநாள் பரிசாகக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டார். கையில்தானே கொடுக்கக் கூடாது, கீழே வைத்துக் கொடுத்தால் போச்சு என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

மிளகாயை ஊசியால் குத்தி, உப்புத் தயிரில் ஊறப்போட்டாயிற்று. மூன்றாம் நாள் மாடியில் காயப்போடப் போனபோதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் ஊரில் களத்தில் கொட்டினால் நாலு நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். இங்கேயோ கடல் காற்று ஈரம். போதாததற்கு லாத்தாவின் மூன்றடுக்கு வீடு மறைப்பதால் எங்கள் மாடியில் மதியம் திரும்பியதுமே வெயில் போய்விடுகிறது. இரண்டு நாள் பார்த்தேன், மிளகாய் பிசுபிசுவென்றே கிடந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் பூசணம் பூத்து, குப்பையில்தான் கொட்ட வேண்டும். பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. முழு நாளும் வெயில் விழுகிற மாடி அந்தத் தெருவில் ஒன்றுதான், அது லாத்தா வீட்டு மாடி.

யாருக்குப் பரிசு கொடுத்து நிமிர்ந்து நிற்க நினைத்தேனோ, அவரிடமே போய் மாடி கேட்டு நிற்க வேண்டும்! ரோஷம் வேண்டுமா, மிளகாய் வேண்டுமா என்று அடுப்படியில் நின்றுகொண்டு எனக்கு நானே சண்டை போட்டேன். கடைசியில் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டேன். பத்தடி தூரம்தான். வீட்டுக்கு வற்றல் போட்டிருக்கிறேன், வெயில் இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“வெயிலு என்ன எங்க வீட்டுச் சொத்தா புள்ள? கொண்டுக்கிட்டு மேல போ” என்றார் லாத்தா.

ஐந்து நாள் காய்ந்தது. காக்கையை விரட்டியதும், பொழுது சாயுமுன் பனி படாமல் எடுத்து உள்ளே வைத்ததும் எல்லாம் அவர்தான், அதுவும் நோன்போடு. அது தனக்கு வரப்போகிற பரிசு என்று அவருக்குத் தெரியாது. கடைசி நாள் ஒன்றைப் பொரித்து முதலில் நான் தின்று பார்த்தேன். உப்பும் புளிப்பும் காரமும் நாக்கில் சேர்ந்து நின்றன. அப்போதே ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் கஞ்சி நேரத்துக்கு முன் ஆறு வீட்டுக்கும் பாட்டிலைக் கொண்டுபோனேன். லாத்தா வீட்டில் பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டு, பெருநாளுக்கு என்றேன். பரிசை ஏன் கீழே வைக்கிறாய் என்று கேட்டார். மிளகாய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை நீட்டினார்.

“இந்த அஞ்சு மாசம் நாம பேசாமக் கெடந்தமே, அதுக்கு யாரு மொளகா குடுத்தா? கையில குடு புள்ள.”

குடுத்தேன். கண் கலங்கிவிட்டது, மிளகாய்க் காரமென்று சமாளித்தேன். அவரும் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு லட்டு ஊசிப்போயிருந்தது, சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்று ஆட்டுக்கு வைத்தாராம். ஐந்து மாதத்துக் கோபம் அந்த வாசற்படியிலேயே உதிர்ந்துபோனது.

அன்று சாயங்காலம் தெருவே மணத்தது. ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் மோர்மிளகாய் பொரிகிற வாசம். மறுநாளே இரண்டு வீட்டிலிருந்து எப்படிப் போடுவது என்று கேட்டு வந்துவிட்டார்கள். நான் கெத்தாக நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

இதெல்லாம் பெரிதில்லை. பெருநாளுக்கு விடுமுறையில் வந்திருந்த லாத்தாவின் கணவர் துபாய்க்குத் திரும்புகிற நாள் வந்தது. லாத்தா என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கிறது. கைத்தராசில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள், விமானத்தில் விடுகிற எடைக்குமேல் ஒரு கிலோ போல நிற்கிறது. எதை எடுப்பது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு. லாத்தா இடித்து வைத்த இனிப்பு ஓட்டுமாவு, கருவாடு, புதுத்துணி, நடுவில் என் காப்பிப்பொடி பாட்டில்கள் இரண்டு. வழிக்கு என்று நான்தான் ஒன்று கூடுதலாகக் கொடுத்திருந்தேன். எடுக்கப்போவது அதுதான் என்று நினைத்து, பரவாயில்லை அண்ணே, அதை எடுத்துருங்க என்றேன்.

அவர் குனிந்து, பெருநாளுக்கு வாங்கிய தன் புது ஷூவை எடுத்து வெளியே வைத்தார்.

“ஷூ அங்கன ஆயிரம் கடையில கெடைக்கும் தங்கச்சி. இது எங்கன கெடைக்கும்?”

எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நடுத்தெருவில் நின்று அடித்திருப்பேன். பெட்டி மூடியது, பூட்டும் விழுந்தது. எங்கள் அய்யாவின் கரிசல் காட்டுக் காய் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டது.

இன்றும் பண்டிகை வந்து யாருக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு எழுந்தால், எனக்குப் பழைய கூச்சம் வருவதில்லை, என் கையிலும் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது என்ற திமிர்தான் வருகிறது, அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.